நூற்றிருபத்து நான்கு

காலை ஐந்தரை. உவர்மலை இறக்கத்தில்
கால்கள் தாமாகவே ஓடும்,
மணிக்கட்டு பொறுக்காது.
சிணுங்கும்: வேகம் அதிகம்.

கின்னியா ரிஸ்மியாவிடம் தவணைக்கு வாங்கிய மணிக்கூடு.
பட்டி கொஞ்சம் வெடித்திருக்கிறது.
முதல்நாள் அது என் வயதைக் கேட்டது.
நாற்பத்து மூன்று என்றேன்.
இருநூற்றிருபதில் அதைக் கழித்து
மிச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டி
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசியது:
சாம்பல், நீலம், பச்சை, செம்மஞ்சள், சிவப்பு.
மீன்கடையில்கூட இத்தனை சுத்தமாக வெட்டித் தர மாட்டார்கள்.

நான் பகல் முழுக்கப் பிறர் நெஞ்சில்
குளிர்ந்த களிம்பு தடவி, கம்பி ஒட்டி,
இளஞ்சிவப்புக் கட்டத்தாளில்
மலைகளை ஓடவிடுகிறவள்.
"ஆடாதீங்க. கதைக்காதீங்க. சரி, எழும்புங்க."
நாளைக்கு அறுபது பேர்.
என் நெஞ்சைப் பற்றி எனக்கு
படி ஏறினால் தெரியும், அவ்வளவுதான்.

பிசியோ நவாஸ்தீன் சொன்னார்:
"மெதுவா ஓடுங்க மிஸ். கதைக்கேலுமான வேகம்.
நீலத்தைத் தாண்டினா நடங்க.
வெக்கப்படாதீங்க."

வெட்கம்தான் முதலில் ஓடியது, எனக்கு வெகு முன்னால்.
டச்சுக் குடா வீதியில் ஓர் ஓட்டோ நின்றது:
"கால் சுளுக்கா அக்கா? ஏறுங்கோ, காசு வேண்டாம்."
குருநாகல் பஸ்ஸில் வந்த யாத்திரிகர்கள்
செருப்புக் காலோடு என்னைக் கடந்தார்கள்.
கோட்டை வாசலில்
பொலித்தீன் பை மென்றுகொண்டிருந்த புள்ளிமான்
தலையைத் தூக்கிப் பார்த்து
ஆபத்தில்லை என்று மறுபடி மென்றது.

கோணேசர் ஏற்றத்துக்கு இரக்கமில்லை.
நூற்றிருபத்து நான்கு என் நீலத்தின் கூரை.
முதல் வளைவிலேயே கூரை பறந்தது.
நடந்தேன்.
கதைக்கேலுமா என்று பார்க்க
கட்டில் நம்பர்களைச் சொல்லிக்கொண்டு போனேன்:
ஏழு, மாரடைப்பு. ஒன்பது, வால்வு.
பதினொன்று, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்.
கச்சான்காரர் ஏதோ தேவாரம் என்று நினைத்து
வண்டியை ஒதுக்கி வழிவிட்டார்.

பதினான்கு வாரம். எண் மாறவில்லை.
இடம்தான் மாறியது.
மார்கழி மழையில் கோட்டை வாசலோடு
என்னைக் கைவிட்ட அதே நூற்றிருபத்து நான்கு
மாசியில் ஆலமரம் வரை கூட வந்தது.
பங்குனியில் மேல் கடைகள் வரை.
சம்பளம் கூடாமலே
மாதக் கடைசியை எட்டிப்பிடித்த மாதிரி.

ஒரு ஞாயிறு,
குடாக் கரையில் குனிந்து
சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தேன்.
வானிலிருந்து இறங்கினார்கள்:
ஒரு மனிசி, இரண்டு பிள்ளைகள், ஒரு சிவப்பு வாளி,
பிறகு யோகரூபன்.
முன்தலை வெளித்திருந்தது.
கைலேஞ்சியால் பிடரியைத் துடைக்கிற பழக்கம்
அப்படியே.
என்னைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தான்.
ஏதோ சொன்னான். சின்னது சிரித்தது.

சிணுங்கல்.
நூற்றைம்பத்தொன்று. செம்மஞ்சள்.
ஒரு காலும் அசையவில்லை.
ஒரு முடிச்சில் பாதிதான் போட்டிருந்தேன்.
"நல்ல முயற்சி" என்று எழுதி
ஒரு கிண்ணமும் காட்டியது, மடச் சாமான்.

நவாஸ்தீன் இன்னொன்றும் சொல்லியிருந்தார்:
"எவ்வளவு ஏறுது எண்டதில்லை மிஸ்.
நிண்ட பிறகு ஒரு நிமிசத்தில
எவ்வளவு இறங்குது, அதைப் பாருங்க."

பார்த்தேன். கடலை அல்ல, திரையை.
நூற்று நாற்பத்திரண்டு.
சின்னது ஈரமணலில் நண்டுக்கு ஓடியது.
நூற்று முப்பத்து மூன்று.
நூற்றிருபத்தொன்பது.
அவன் கைலேஞ்சியை நாலாக மடித்துப் பையில் வைத்தான்.
நூற்றிருபத்து மூன்று.

இருபத்தெட்டு, ஒரே நிமிடத்தில்.
போன முறை இதற்கு
ஆறு வருடம் எடுத்தது.

முடிச்சின் மறுபாதியையும் போட்டேன்.
நீலம்.
அவர்களைக் கடந்து
கதைக்கேலுமான வேகத்தில்,
கதைக்காமல்,
ஏற்றத்துக்குப் போனேன்.